மாலை போட்ட மூன்றாம் நாள்

எங்கள் அண்ணன் வெல்டர். திருநெல்வேலிப் பேட்டையில் பட்டறை வைத்திருக்கிறான். கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, தகரக் கொட்டகை, எது சொன்னாலும் அடித்துக் கொடுப்பான். அப்பா சாகும்போது அவனுக்கு 17 வயது, எனக்கு 9. அவன் ஐ.டி.ஐ. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனதால்தான் நான் பி.காம். முடித்தேன். இன்றைக்கு பாளையங்கோட்டையில் ஒரு கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறேன் என்றால் அது அவன் கை உழைப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போவதைப் படிக்கும்போது அவனை வெறும் குடிகாரனாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

எப்போது குடிக்க ஆரம்பித்தான் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. சனிக்கிழமை சம்பளம் வந்ததும் கூட்டாளிகளோடு ஒரு கட்டிங் என்றுதான் இருந்தது. உடம்பு அலுப்பு, நாள் முழுக்க நெருப்புப் பக்கம் நிற்கிறான், போகட்டும் என்று அம்மாவே சொல்வாள். அது தினமும் ஒரு குவார்ட்டர் ஆனது. பிறகு இரண்டு, மூன்று. ஆனால் நான் பார்த்தும் புரிந்துகொள்ளாத ஓர் அடையாளம் இருந்தது. வெல்டிங் ராடை இரும்புக்குப் பக்கத்தில் நூலிழை இடைவெளி விட்டு, ஆடாமல் பிடிக்க வேண்டும். கை நடுங்கினால் ராடு இரும்பிலேயே ஒட்டிக்கொள்ளும். 2021 வாக்கில் ஒரு நாள் காலையில் பட்டறைக்குப் போனபோது அண்ணன் ஒரு கேட்டின் மூலையில் ராடை வைக்கிறான், ஒட்டிக்கொள்கிறது. ஆட்டிப் பிடுங்குகிறான், மறுபடி வைக்கிறான், மறுபடி ஒட்டுகிறது. நாலைந்து முறை. பிறகு ஹோல்டரைக் கீழே போட்டுவிட்டு, உதவிக்கு நிற்கிற பையனை எங்கேயோ அனுப்பினான். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன்னால் வேண்டுமென்றால் ஒரு பாட்டிலுக்கு 50, 60 ரூபாய் கூடக் கொடுத்துப் பிளாக்கில் வாங்க வேண்டும். பையன் வாங்கி வந்தான். குடித்த கால் மணி நேரத்தில் கை கல் மாதிரி நின்றது. அந்த மூலையை அவ்வளவு அழகாக ஒட்டினான்.

நான் அன்றைக்கு அதைத் திமிர் என்று நினைத்தேன். காலையிலேயே குடிக்கிறானே, வெட்கம் இல்லையே என்று கத்தினேன். பின்னால்தான் தெரிந்தது, அது ஆசைக்குக் குடிப்பது இல்லை. உள்ளே சாராயம் இல்லையென்றால் நரம்பு வேலை செய்யாத நிலைக்கு உடம்பு வந்துவிட்டது. உங்கள் வீட்டில் ஒருவர் காலையில் கை நடுக்கத்தை நிறுத்துவதற்காகக் குடிக்கிறார் என்றால், அறிவுரை சொல்கிற கட்டம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்துப் பார்க்க வேண்டியவர் மருத்துவர். நான் அப்போது செய்ததெல்லாம் சண்டை போட்டதும் கடன் அடைத்ததும்தான். வெல்டிங் மெஷினை மூன்று தடவை அடகு வைத்தான், மூன்று தடவையும் நான் மீட்டேன். வட்டியோடு 45,000 ரூபாய் ஆயிற்று. வெளியில் வாங்கியிருந்த கடன் 1,80,000. அதையும் என் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தில் கட்டினேன். நான் ஒவ்வொரு தடவை அடைக்கும்போதும் அவனுக்குப் புதிதாகக் கடன் வாங்க இடம் கிடைத்தது. அப்போது அது உதவி என்றுதான் மனதாரச் செய்தேன். 2022 ஆடி மாசம் மதினி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம், "கொழுந்தனாரே, அவரைக் கைவிட்டுராதீங்க. என்னால முடியல" என்றாள். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது.

மதினி போனது அண்ணனை உலுக்கிவிட்டது. கார்த்திகை பிறந்தால் மாலை போடுகிறேன், இந்த வருஷத்தோடு விட்டுவிடுகிறேன் என்றான். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். வருஷம் முழுக்கக் குடிக்கிறவன்கூட சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால் 41 நாளும் தொட மாட்டான். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கார்த்திகை 1-ஆம் தேதி விடியற்காலையில் குறுக்குத்துறைப் படித்துறையில் குளித்துவிட்டு வந்தான். மழைக்காலம், ஆற்றில் கலங்கல் தண்ணீர். குருசாமி மாலை போடும்போது அண்ணனுக்குக் கை மட்டுமில்லை, தாடையும் நடுங்கியது. பச்சைத் தண்ணீரில் குளித்த குளிர் என்று நினைத்து நான் துண்டைப் போர்த்திவிட்டேன். முந்தின நாள் ராத்திரி பத்து மணி வரைக்கும், கடைசித் தடவை என்று சொல்லி, நாலு குவார்ட்டர் குடித்திருந்தான்.

அன்று பூராவும் வேர்த்துக் கொட்டியது. சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி. ராத்திரி ஒரு நிமிஷம் தூங்கவில்லை. "விரதம்லா, அப்படித்தான் இருக்கும், பழகிரும்" என்று அம்மா சொன்னாள். மறுநாள் காலை ஆறு மணி இருக்கும். பூஜைக்கு உட்காரப் போனவன் அப்படியே பின்னால் சாய்ந்தான். உடம்பு விறைத்து, வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. நாக்கைக் கடித்து ரத்தம் வந்தது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஓடி வந்து இரும்புச் சாவியைக் கையில் திணித்தார். பட்டறைக்காரன் வீட்டில் இரும்புக்கா பஞ்சம், ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் வாயில் கரண்டியை வைத்துப் பல்லைப் பிரிக்கப் பார்த்தார். அம்மா, சுத்தபத்தத்தில் ஏதோ குறை, சாமி குத்தம் ஆகிவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சாவியாலோ இரும்பாலோ வலிப்பு நிற்காது. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக நிற்கும், அந்த நேரத்தில் கையில் எது இருக்கிறதோ அதுதான் நிறுத்தியது என்று நினைத்துக்கொள்கிறோம். செய்ய வேண்டியது, ஆளை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், எச்சில் வெளியே வடிய விட வேண்டும், தலை தரையில் மோதாமல் கீழே துணி வைக்க வேண்டும், மணி பார்க்க வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. கையைக் காலை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, நினைவு வராமல் அடுத்த வலிப்பு வந்தாலோ தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். குடியை நிறுத்தின ஆளுக்கு முதல் தடவையாக வலிப்பு வந்தால், அது நின்றுவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

நாங்கள் போனோம். பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு. இங்கேதான் நான் செய்த பெரிய தப்பு. டாக்டர் நேராகவே கேட்டார், "குடிப்பாரா?" அண்ணன் கழுத்தில் துளசி மாலை. சுற்றிலும் நாலு சாமிமார் நிற்கிறார்கள். நான், "இல்ல சார், மாலை போட்டிருக்காரு" என்றேன். பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. மானம் போய்விடக் கூடாது என்று வாயில் வந்த பதில். அதற்கேற்ற மாதிரிதான் அவர்கள் வைத்தியம் பார்த்தார்கள். தலைக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, குளுக்கோஸ், வலிப்பு மாத்திரை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. 23,400 ரூபாய் கட்டிவிட்டு மறுநாள் மத்தியானம் கூட்டி வந்தேன். அந்தப் பணத்தைக்கூட விடுங்கள். அந்த ஒரு பதிலால் ஒன்றரை நாள் போயிற்று. அந்த ஒன்றரை நாளில் அவன் செத்திருக்கலாம்.

மூன்றாம் நாள் ராத்திரி பதினொரு மணிக்குக் கண் விழித்துப் பார்க்கிறேன், அண்ணன் கட்டிலுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான். இடது கையைக் கண்ணுக்கு முன்னால் மறைப்பாகப் பிடித்திருக்கிறான். வலது கையில் ஒன்றும் இல்லை, ஆனால் ராடு பிடிக்கிற மாதிரி விரலைக் குவித்து, கட்டில் காலைப் பொறுமையாக, ஓரம் ஓரமாக ஒட்டிக்கொண்டு வருகிறான். நடுவில் நிறுத்தி, இல்லாத சுத்தியலால் கசடைத் தட்டுகிறான், வாயால் ஊதுகிறான். நான் பக்கத்தில் போனதும், "ஏல, பாக்காத. கண்ணு போயிரும். அந்தப் பக்கம் திரும்பு" என்றான். சின்ன வயசில் பட்டறைக்கு நான் போனால் சொல்கிற அதே வார்த்தை. உடம்பு அனலாகக் கொதித்தது, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் சுவரில் எறும்பு ஏறுகிறது என்றான், பிறகு அப்பா வாசலில் நிற்கிறார் என்றான்.

அன்று ராத்திரி அவனை நான் அடித்தேன். மாலை போட்டுக்கொண்டு ஒளித்துக் குடித்துவிட்டுக் கூத்தடிக்கிறான் என்று நினைத்து, கன்னத்தில் இரண்டு அறை. என்னை வளர்த்தவனை. அவன் என்னை யார் என்று தெரியாமல் பார்த்தான். வேறு யாருக்கும் இது தெரியாது. இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

விடியும்வரை காத்திருக்காமல் ஆட்டோ பிடித்து ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பாளையங்கோட்டையில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். அங்கே இருந்த இளம் டாக்டர் அண்ணனின் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்துக் கேட்டார்: "கடைசியா எப்போ குடிச்சார்?" குடிப்பாரா என்று கேட்கவில்லை. நான் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொன்னேன். நாலு குவார்ட்டர் என்றதும் அவர் கணக்குப் போட்டுச் சொன்னார். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி, 42.8 சதவீதம் ஆல்கஹால், அதாவது ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால் உள்ளே போகிறது. நாலு என்றால் 240 கிராம். தினமும் இவ்வளவு அமுக்கி வைத்திருந்த மூளையில் இருந்து அதை ஒரே ராத்திரியில் எடுத்துவிட்டால், அது கட்டவிழ்த்து விட்ட மாதிரி துள்ளும். நிறுத்தின ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வேர்வையும் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டில் இருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு இந்தப் பிதற்றல் வரும், காய்ச்சலும் நெஞ்சுப் படபடப்பும் கூடவே ஏறும். இதற்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயராம். வைத்தியம் பார்க்காவிட்டால் உயிர் போகிற நிலை. பார்க்கிற வேலையையே கனவில் செய்வது மாதிரி செய்வதும் இதில் உண்டு என்றார். தறிக்காரர் தறி ஓட்டுவாராம், டிரைவர் ஸ்டீயரிங் பிடிப்பாராம்.

உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததில் முக்கியமானது இதுதான். தினமும் நிறையக் குடிக்கிறவரை, அதுவும் காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்கிறவரை, வீட்டில் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். சத்தியம் வாங்கியோ, மாலை போட்டோ, கோயிலில் கயிறு கட்டியோ திடீரென்று நிறுத்தப்போகிறார் என்றால், அதற்கு முன்னாலேயே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். குளோர்டயசெபாக்சைடு, லோராசெபாம் மாதிரியான மருந்துகளை அளவு பார்த்துக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்கிற சமாச்சாரம் இல்லை, அதுவும் பழக்கமாகக்கூடிய மருந்துதான், குடியோடு சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். கூடவே தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி. குடிக்கிறவர்களுக்கு அது உடம்பில் வற்றிப்போயிருக்கும், அதைக் கவனிக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கே கேடு வரலாம் என்று டாக்டர் சொன்னார். என் பொய்யால் முதல் ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு அப்படித்தான் குளுக்கோஸ் ஏறியது. வலிப்பு ஒரு தடவை வந்துவிட்டால் அடுத்த தடவை நிறுத்தும்போதும் வருகிற வாய்ப்பு கூடும், அதனால் வீட்டிலேயே நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது இன்னும் ஆபத்து. டாக்டரிடம் எவ்வளவு, எத்தனை வருஷமாக, கடைசியாக எத்தனை மணிக்கு என்று உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். வேறு நோய்க்கு, ஆபரேஷனுக்கு, கால் முறிவுக்குச் சேர்த்தாலும் சொல்லுங்கள். படுக்கையில் கிடக்கிறவனுக்குக் குடி கிடைக்காதே, அங்கேயும் இதே கதைதான் நடக்கும்.

ஒன்பது நாள் வார்டில் இருந்தோம். நாலாம் நாள் அண்ணன் என்னைப் பார்த்து, "ஏல, நீ வேலைக்குப் போலியா?" என்று கேட்டான். வராண்டாவுக்குப் போய் அழுதேன். குருசாமி வந்து மாலையைக் கழற்றினார், கோபப்படவில்லை. மாலை எங்கள் வீட்டு ஐயப்பன் படத்தில் தொங்கியது. வைத்தியத்துக்கு ஒரு பைசா கேட்கவில்லை. பஸ்ஸுக்கும் டீக்கும் செலவழித்ததுதான்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன் பாருங்கள், அது அடுத்த தப்பு. மனநலப் பிரிவுக்கு மாசம் ஒரு தடவை வரச் சொல்லியிருந்தார்கள். நல்லா இருக்கானே, எதற்கு என்று நானே விட்டுவிட்டேன். உடம்பில் இருந்து சாராயத்தை இறக்குவது வேறு, குடிக்காமல் இருக்கப் பழகுவது வேறு. முதலாவது பத்து நாள் வேலை, இரண்டாவதற்கு வருஷக்கணக்கு. 2023 பொங்கலுக்கு ஒரு பீர்தான் என்று ஆரம்பித்து, மாசிக்குள் பழைய இடத்துக்கே வந்துவிட்டான். ஆத்திரத்தில் நான் எதை வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தேன். பஸ் ஸ்டாண்டு சுவரில், குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து 3,600 ரூபாய்க்குப் பொடி வாங்கினேன். டப்பாவில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. குழம்பில் கலந்தேன். அன்று சாயங்காலம் குடித்துவிட்டு வந்தவனுக்கு முகம் செக்கச் சிவந்து, நெஞ்சு படபடவென்று அடித்து, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. பயந்துபோய் மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினேன். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்பிராம் என்கிற மருந்து நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அதைச் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, ஈரலும் இதயமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்த பிறகுதான் டாக்டர் கொடுப்பார். தெரியாமல் கொடுத்து, அதன் மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். வீட்டுச் சாப்பாட்டின் மேல் அவருக்கு இருக்கிற நம்பிக்கை போவது தனி. அண்ணன் எப்படியோ கண்டுபிடித்துவிட்டான். இரண்டு மாசம் வீட்டில் சாப்பிடவே இல்லை. அம்மா தட்டில் போட்டு வைத்து, ராத்திரி நாய்க்கு வைப்பாள்.

பங்குனியில் ஒரு தனியார் மறுவாழ்வு மையத்துக்கு போன் செய்தேன். "நீங்க அட்ரஸ் மட்டும் சொல்லுங்க, நாங்க தூக்கிக்கிடுதோம்" என்றார்கள். அந்த வார்த்தையிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு வேனில் நாலு பேர் வந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவனைக் கையைப் பின்னால் முறுக்கி ஏற்றினார்கள். "தம்பி, சொல்லுல, விடச் சொல்லுல" என்று கத்திக்கொண்டே போனான். நான் ஏதோ ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அட்வான்ஸ் 20,000, மாசம் 12,000 வீதம் மூன்று மாசம், ஆக 56,000. முதல் மாசம் பார்க்க விடவில்லை. போனில் பேசக் கேட்டால், பேசினால் மனசு இளகிவிடும் என்றார்கள். மூன்றாவது மாசக் கடைசியில் கூட்டி வரப் போனபோது பத்துக் கிலோ குறைந்து, கணுக்காலில் வட்டமாகப் புண்ணோடு நின்றான். மூன்று மாசத்தில் ஒரு மனநல மருத்துவரும் அவனைப் பார்க்கவில்லை. வெளியே வந்த ஆறாம் நாள் குடித்தான்.

2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த விடுதியில், சங்கிலியில் கட்டி வைத்திருந்த 28 பேர் தீயில் கருகியதை நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அது பைத்தியக்காரர்களுக்கு நடந்தது, நமக்கு என்ன என்று நினைத்திருந்தேன். 2017-ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடி, போதையால் வரும் மனநலப் பாதிப்பும் அடக்கம். அந்தச் சட்டப்படி யாரையும் எந்த வகையிலும் சங்கிலி போட்டுக் கட்டக் கூடாது. இந்த மாதிரி மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆகவே சேர்ப்பதற்கு முன்னால் பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். மனநல மருத்துவர் யார், எந்தெந்த நாள் வருகிறார் என்று கேளுங்கள், முடிந்தால் அவரிடமே பேசுங்கள். தூங்குகிற இடத்தையும் கக்கூஸையும் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். குடும்பத்தோடு பேச விட மாட்டோம் என்கிற இடத்தில் விடாதீர்கள். ஆளை வந்து தூக்குகிறோம் என்றால் போனை வைத்துவிடுங்கள். நல்ல இடங்களும் இருக்கின்றன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையின் மருத்துவமனை, குடிநோயாளியோடு சேர்த்து அவர் குடும்பத்துக்கும் சிகிச்சை என்பதைக் காட்டியது. சாந்தி ரங்கநாதனுக்கு அந்த வேலைக்காகத்தான் பத்மஸ்ரீ கிடைத்தது. இதையெல்லாம் பணம் போன பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். மீட்ட அடகு, கட்டின கடன், ஸ்கேன், பொடி, மையம் என்று எல்லாம் சேர்த்து 3 லட்சத்துக்கு மேல்.

2023 ஆவணியில் ஒரு நாள் காலையில் அண்ணன் என் பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கை நடுங்குகிறது. "ஏல, ஹைகிரவுண்டுக்குப் போவோம். அந்த டாக்டரு என்னய மனுசனா வச்சுப் பேசினாரு" என்றான். போனோம். இந்தத் தடவை நிறுத்துவதற்கு முன்னாலேயே போனதால் வலிப்பு இல்லை, பிதற்றல் இல்லை. பத்து நாள் வார்டு, அதற்கப்புறம் மாசாமாசம் ஓ.பி. ஈரல் பரிசோதனை பார்த்துவிட்டு, ஆசையைக் குறைக்கிற மாத்திரை கொடுத்தார்கள். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று அதில் வகை இருக்கிறது, யாருக்கு எது என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏ.ஏ. கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசுகிற அமைப்பு. 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை என்று ஆரம்பித்தது, இன்றைக்கு ஒரு பள்ளிக்கூட அறையில் பெஞ்சைச் சுற்றிப் போட்டு நம்ம ஊர்த் தமிழில் நடக்கிறது. கட்டணம் கிடையாது, முழுப் பேரைச் சொல்ல வேண்டியதில்லை. நானும் அம்மாவும் குடும்பத்தாருக்கான கூட்டத்துக்குப் போனோம். அங்கேதான் முதல் தடவையாக நான் அடித்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னேன். கடனை இனி அடைக்க மாட்டேன் என்று அண்ணனிடம் சண்டை போடாமல் சொல்லவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் நேர்கோடாகப் போகவில்லை. எங்கள் பக்கம் துட்டி வீடு, அதாவது சாவு வீடு என்றால் குடி, கோயில் கொடை என்றால் குடி. காவல் தெய்வம் சுடலைக்குப் படையலிலேயே பாட்டில் இருக்கும். 2024 சித்திரைக் கொடையில், "மாப்ள, சாமிக்கு வச்சதுல, ஒரு வாய்" என்று ஒருவர் நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டான். ராத்திரி வீட்டுக்கு வரவில்லை. ஆனால் காலையில் ஏழு மணிக்கு அவனே எனக்கு போன் செய்தான். நான் திட்டவில்லை. கொடை மேளம் காதில் விழுகிற இடத்தில், வாழைத் தோப்பு வரப்பில் உட்கார்ந்திருந்தான். பைக்கில் ஏற்றி நேராக ஓ.பி.க்குக் கொண்டுபோனேன். தவறிக் குடித்த அன்றைக்கே திரும்பி வருவதுதான் பெரிய விஷயம், இதோடு எல்லாம் போச்சு என்று நாம் உட்கார்ந்துவிட்டால்தான் போகும் என்று டாக்டர் சொன்னார். இப்போது துட்டி வீட்டுக்கு என்னோடு வருவான், மாலை போட்டுவிட்டு உடனே திரும்பிவிடுவோம். சனிக்கிழமை வரவை மதினி கணக்குக்கு அனுப்பிவிடுகிறான். மதினி இன்னும் வரவில்லை, ஆனால் பரீட்சை லீவுக்குப் பிள்ளைகளை அனுப்பினாள்.

இந்த நிலையில் இருக்கிறவர்கள் யாராவது படித்தால் இரண்டு நம்பரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 14446 போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண். 14416 மனநல உதவிக்கான டெலிமானஸ், தமிழிலேயே பேசலாம், குடிக்கிறவர்தான் பேச வேண்டும் என்று இல்லை, வீட்டில் இருக்கிற நாமும் பேசலாம். ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அப்போது இது என் போனில் இருந்திருக்க வேண்டும்.

இது ஐப்பசிக் கடைசி. அண்ணன் குடிக்காமல் ஆறு மாசம் தாண்டியிருக்கிறது. இந்த வருஷம் மாலை போடப்போகிறேன் என்று டாக்டரிடம் கேட்டான், தாராளமாகப் போடுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார். நேற்று குருசாமி வீட்டில் மலைக்குப் போகிறவர்கள் பெயர் கொடுக்கிற கூட்டம். நானும் போயிருந்தேன். எல்லோரும் கிளம்புகிற நேரத்தில் அண்ணன் எழுந்து நின்று, புதுசாகப் பெயர் கொடுத்த இரண்டு பேரை மட்டும் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டான். ஒருவர் கொத்தனார், ஒருவர் லாரி ஓட்டுகிறவர். "கோவிச்சுக்காதீங்க, மாலைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு. காலையில எந்திச்சதும் கை நடுங்குதா? எப்போ கடைசியா குடிச்சீய?" என்று கேட்டான். கொத்தனார் பதில் சொல்லாமல் கையை லுங்கிக்குள் ஒளித்துக்கொண்டார். அண்ணன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு ஹைகிரவுண்டு வாசல்ல நிப்பேன், வாங்க" என்றான். இன்று காலை பட்டறையைத் திறக்காமல் அங்கேதான் போயிருக்கிறான்.